பவர் பட்டனிலேயே பூட்டு: டெஸ்க்டாப்பில் ஸ்டார்ட்அப் பாஸ்வேர்டு போடும் முறை

எங்கள் கடை வேலூர் காந்தி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. ஜெராக்ஸ், ஸ்கேன், பிரிண்ட். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், கொல்கத்தாவிலிருந்து, அசாமிலிருந்து, சில பேர் பங்களாதேஷிலிருந்தும்கூட. லாட்ஜில் ரூம் போட ஆதார் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் காப்பி, டாக்டரிடம் காட்டப் பழைய ஸ்கேன் ரிப்போர்ட் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். அத்தனையும் எங்கள் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில்தான் வந்து விழுகிறது.

ஒரு நாள் விண்டோஸ் பாஸ்வேர்டு மறந்துபோய், தெரிந்த சர்வீஸ் பையனைக் கூப்பிட்டேன். பின்பக்கம் ஒரு பென்டிரைவைச் செருகினான், மெஷினை அதிலிருந்து பூட் செய்தான், அதாவது துவக்கினான், ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் பழைய பாஸ்வேர்டைக் காலி செய்து டெஸ்க்டாப்பைத் திறந்து காட்டினான். "விண்டோஸ் பாஸ்வேர்டு மட்டும் இருந்தா இவ்ளோதாண்ணா, யார் வேணாலும் பண்ணலாம்" என்றான். வேலை முடிந்தது சந்தோஷம்தான், ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரோ ஒருவருடைய அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட் அந்த மெஷினில் இருக்கிறது, அதற்குக் காவல் இவ்வளவுதானா என்று. அதற்கப்புறம்தான் ஸ்டார்ட்அப் பாஸ்வேர்டைப் பற்றி உட்கார்ந்து தெரிந்துகொண்டேன். பல பேர் வந்து போகிற இடத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எல்லோரும், அது காட்பாடி டியூஷன் சென்டராக இருந்தாலும் சரி, ஆம்பூர் தோல் கம்பெனி ஆபீஸாக இருந்தாலும் சரி, இதைப் போட்டு வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் இது என்ன என்று பார்த்துவிடுவோம். பவர் பட்டனை அமுக்கியதும் விண்டோஸ் வருவதற்கு முன்னால் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற சின்ன புரோகிராம்தான் ஓடும், இப்போது வரும் மெஷின்களில் அதற்கு யுஇஎஃப்ஐ என்று பெயர். அந்தக் கட்டத்திலேயே பாஸ்வேர்டு கேட்க வைப்பதுதான் ஸ்டார்ட்அப் பாஸ்வேர்டு. அதைச் சரியாக அடிக்காமல் விண்டோஸும் வராது, பென்டிரைவிலிருந்தும் பூட் ஆகாது.

பயாஸில் இரண்டு பாஸ்வேர்டு உண்டு, இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். ஒன்று அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு, பழைய போர்டில் சூப்பர்வைசர் என்று இருக்கும், எச்பியில் செட்டப் பாஸ்வேர்டு என்றும் பார்க்கலாம். இன்னொன்று யூசர் பாஸ்வேர்டு, இதையே டெல்லில் சிஸ்டம் பாஸ்வேர்டு என்றும், எச்பி, லெனோவோவில் பவர் ஆன் பாஸ்வேர்டு என்றும் போட்டிருப்பார்கள். கடைகளில் அசெம்பிள் செய்து தரும் பெரும்பாலான மெஷின்களில் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டை மட்டும் போட்டால் பயாஸ் செட்டிங்ஸுக்குள் நுழையும்போது மட்டும்தான் கேட்கும், கம்ப்யூட்டர் எப்போதும்போல ஆன் ஆகிவிடும். போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருப்போம், பூட்டு விழுந்திருக்காது. யூசர் பாஸ்வேர்டு போட்டால்தான் ஆன் செய்யும்போது கேட்கும். ஆனால் அதை மட்டும் போட்டால், அது தெரிந்த எவரும் பயாஸுக்குள் போய் எதையும் மாற்றலாம். அதனால் இரண்டையும் போடுங்கள், வேறு வேறாக. யூசர் பாஸ்வேர்டு கடைப் பையனுக்கும் தெரியலாம், அட்மினிஸ்ட்ரேட்டர் உங்களோடு இருக்கட்டும். சில பழைய போர்டுகளில் பாஸ்வேர்டு செக் என்று தனியாக ஒரு வரி இருக்கும், அது செட்டப் என்று இருந்தால் சிஸ்டம் அல்லது ஆல்வேஸ் என்று மாற்ற வேண்டும்.

கை வைப்பதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் மெஷினில் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் இருப்பதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி, ஓடுகிறதா என்று பாருங்கள், புதிய விண்டோஸ் 11 மெஷின்களில் நாம் போடாமலே டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கும். பயாஸில் பூட் சம்பந்தப்பட்ட ஏதாவது மாறினால் அடுத்த முறை 48 இலக்க ரிகவரி கீயைக் கேட்டு நிற்கலாம். அது பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கும், முதலில் எடுத்துப் பேப்பரில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது உள்ளே போவோம். ஆன் செய்த உடனே, கம்பெனி லோகோ தெரியும்போதே, ஒரு கீயை விடாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆசஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ போர்டுகளில் டெலீட் கீ. டெல்லில் எஃப் 2, எச்பியில் எஃப் 10, லெனோவோ திங்க்சென்டரில் எஃப் 1. தட்டத் தட்ட விண்டோஸே வந்துவிடுகிறதா, ஷிஃப்ட்டை அமுக்கிக்கொண்டு ரீஸ்டார்ட்டைக் கிளிக் செய்யுங்கள், நீலத் திரை வரும், அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் நேராக அங்கேயே கொண்டுபோய் விடும். புளூடூத் கீபோர்டு இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் வேலை செய்யாது, ஒயர் கீபோர்டை கேபினட்டின் பின்பக்கம் சொருகிக்கொள்ளுங்கள்.

உள்ளே செக்யூரிட்டி என்ற பக்கத்தைத் தேடுங்கள். ஆசஸில் எஃப் 7 அமுக்கி அட்வான்ஸ்டு மோடுக்குப் போனால் மெயின் பக்கத்துக்குள் இருக்கும், எம்எஸ்ஐயில் செட்டிங்ஸுக்குள், சில ஜிகாபைட் போர்டில் பூட் பக்கத்தில். முதலில் அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு வரியில் எண்டர் தட்டுங்கள், சின்னப் பெட்டி திறக்கும், அடியுங்கள், மறுபடியும் அதையே கேட்கும், அடியுங்கள். அப்புறம் யூசர் பாஸ்வேர்டுக்கும் அதே மாதிரி. பெரும்பாலான போர்டுகளில் எஃப் 10 அமுக்கி சேவ் செய்து வெளியே வாருங்கள், எச்பியில் ஃபைல் அல்லது மெயின் பக்கத்துக்குப் போய் சேவ் சேஞ்சஸ் கொடுங்கள், டெல்லில் அப்ளை கொடுங்கள்.

பாஸ்வேர்டைத் தேர்ந்தெடுப்பதில் நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் தடவை வலதுபக்க நம்பர் பேடில் எட்டு எண்ணை அடித்து வைத்தேன். சேவ் ஆனது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்து ஆன் செய்தால், அதே எண்ணைத் தப்பு என்கிறது. மூன்று தடவை அடித்ததும் திரை அப்படியே உறைந்துவிட்டது. ஷட்டருக்கு வெளியே நாலு பேர் ஃபைலோடு நிற்கிறார்கள், அதில் ஒரு பெரியவருக்குப் பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட். பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்து, மறுபடி ஆன் செய்து, கீபோர்டைக் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, நம்பர் பேடுக்கான Num Lock விளக்கு எரியவில்லை. பாஸ்வேர்டு போடும்போது எரிந்தது, ஆன் ஆகும்போது எரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதனால் நம்பர் பேடைத் தொடாதீர்கள், எண் வேண்டுமென்றால் எழுத்துகளுக்கு மேலே இருக்கும் வரிசையில் அடியுங்கள். கேப்ஸ் லாக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். பயாஸுக்குப் பெரும்பாலும் அமெரிக்க ஆங்கில கீபோர்டுதான் தெரியும், தமிழ் 99 எல்லாம் விண்டோஸ் வந்த பிறகுதான். நிறைய போர்டுகளில் 3 முதல் 20 எழுத்து வரை போகலாம். எட்டு, பத்து எழுத்தில், குறியீடு எதுவும் இல்லாமல், வாயில் சொன்னால் கைக்கு வருகிற மாதிரி ஒன்று போதும். கடைப் பெயர், போன் நம்பர் வேண்டாம், அதுதான் கடை வாசல் பெயர்ப் பலகையிலேயே எழுதியிருக்கிறதே.

போட்டவுடன் ஒரு பேப்பரில் எழுதி, வீட்டில் பத்திரம், ரேஷன் கார்டு இருக்கும் பீரோவில் வையுங்கள். கல்லாவிலும் கீபோர்டுக்கு அடியிலும் வைக்காதீர்கள். அப்புறம் முழுசாக ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்து பாருங்கள். இந்தச் சோதனையைக் கடையை மூடும் நேரத்தில் செய்யுங்கள், காலையில் கூட்டத்தில் செய்யாதீர்கள்.

தினசரி உபயோகத்தில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் உண்டு. ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் பொதுவாக இந்தப் பாஸ்வேர்டைக் கேட்காது, எனவே டீக்குப் போகும்போது விண்டோஸ் கீயும் எல் கீயும் சேர்த்து அமுக்கிப் பூட்டுங்கள், ராத்திரி ஷட்டவுன்தான். கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி செட்டிங் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும், மெஷின் ஆன் ஆகும், ஆனால் பாஸ்வேர்டு பெட்டியிலேயே நிற்கும். வெயில் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போவது சகஜம், யுபிஎஸ் பேட்டரியும் தீர்ந்துபோன ஒரு மதியம், வீட்டிலிருந்து எனிடெஸ்க்கில் கடை மெஷினைத் திறக்கப் பார்த்தேன், முடியவில்லை. நேரில் போய் அடித்தால்தான் உண்டு. ராத்திரியில் விண்டோஸ் அப்டேட் ரீஸ்டார்ட் ஆனாலும் இதே கதைதான்.

மறந்துவிட்டால் என்ன செய்வது? அசெம்பிள் செய்த மெஷினில் பெரும்பாலும் வழி இருக்கிறது. பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். மதர்போர்டில் ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் குறைந்த அகலத்தில், பளபளவென்று ஒரு வட்ட பேட்டரி படுத்திருக்கும், சிஆர் 2032 என்று மேலே எழுதியிருக்கும், 3 வோல்ட். அதன் ஓரத்தில் இருக்கும் சின்னக் கொக்கியைத் தள்ளினால் துள்ளி வெளியே வரும். ஐந்து, பத்து நிமிஷம் விட்டுத் திரும்பப் போட்டால் பல பழைய போர்டுகளில் பாஸ்வேர்டு போய்விடும், தேதியும் நேரமும் சேர்ந்து போகும், அதைச் சரிசெய்யாவிட்டால் பிரவுசரில் எந்த சைட்டும் ஒழுங்காகத் திறக்காது. டெல், எச்பி ஆபீஸ் மெஷின்களில் பேட்டரியைக் கழற்றினாலும் பாஸ்வேர்டு அப்படியே இருக்கலாம், பல மாடல்களில் அதற்கென்று போர்டில் தனி ஜம்பர், அதாவது ஊசிகளில் மாட்டிக் கழற்றும் சின்ன மூடி, உண்டு, மேனுவலைப் பார்த்துச் செய்யுங்கள்.

நமக்கு இந்த வழி இருக்கிறதென்றால் திருடனுக்கும் இருக்கிறது. ஸ்குரூ டிரைவரும் பத்து நிமிஷமும் கிடைத்தால் பல அசெம்பிள் மெஷின்களில் இந்தப் பூட்டை எடுத்துவிடலாம். அதைவிட முக்கியம், பிட்லாக்கர் ஓடாத ஹார்டு டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் எல்லா ஃபைலும் தெரியும், ஸ்டார்ட்அப் பாஸ்வேர்டு மெஷினைத்தான் பூட்டுகிறது, டிஸ்க்கை இல்லை. அதற்கு விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர், ஹோம் வைத்திருப்பவர்களுக்கு அதே வேலையைச் செய்யும் வெராகிரிப்ட் என்ற சாஃப்ட்வேர் இலவசமாகவே இருக்கிறது. கேபினட்டின் பின்பக்கம் பூட்டு மாட்டும் வளையம் இருந்தால் ஒரு சின்னப் பூட்டு வாங்கி மாட்டுங்கள். நான் இன்னொன்றும் செய்கிறேன், ராத்திரி ஷட்டர் இறக்குவதற்கு முன் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிடுகிறேன், அடுத்தவர் ரிப்போர்ட் ஒரு ராத்திரிகூட என்னிடம் தங்க வேண்டியதில்லை.

பாஸ்வேர்டை எடுக்க வேண்டுமானால் அதே இடத்துக்குப் போய், பழையதை அடித்து, புதியது கேட்கும் இரண்டு பெட்டியையும் காலியாக விட்டு எண்டர் தட்டினால் போதும், சேவ் செய்ய மறக்காதீர்கள். மெஷினை விற்கும்போது இதைச் செய்துவிட்டுக் கொடுங்கள். செகண்ட் ஹாண்டில் வாங்குகிறீர்கள் என்றால் பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் பயாஸுக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள், அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்டால் விற்பவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.