லாக் புக் இருக்கா சார்?: சிறிய தனியார் பல்கலைக்கழகம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் வந்துவிட்டால் வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக்காரர்கள் யாராவது பளபளப்பான பிராஸ்பெக்டஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுப் படியேறுவார்கள். கூடவே பிளஸ் டூ முடித்த பிள்ளை நிற்கும். ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் பத்தொன்பது வருஷமாக டெக்னீஷியன் வேலை பார்க்கிறேன். அதனால் எனக்கு எல்லாக் காலேஜும் அத்துப்படி என்று அவர்கள் நினைப்பு. எனக்குத் தெரிந்தது லேப்தான். ஆனால் ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்று சொல்லிக்கொள்ளும் இடத்தை எடைபோட அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

சின்ன இடம் என்றாலே மட்டம் என்று ஒதுக்குவது முதல் தவறு. சிறுசேரியில் இருக்கும் சி.எம்.ஐ. (சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்) 1989-ல் தொடங்கி 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழக அந்தஸ்து பெற்றது. கணிதம், கணினி அறிவியல், இயற்பியல் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய பாடங்கள்தான். கணித உலகில் அதன் பெயர் தெரியாதவர் குறைவு. சிறியதாக இருப்பது குறையில்லை. சிறியதாக இருந்துகொண்டு பெரியதைப் போலக் காட்டுவதில்தான் கோளாறு இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க 'ஓபன் டே' அன்று போகக் கூடாது. போன வருஷம் அக்கா மகளோடு நான் அந்தத் தவறைத்தான் செய்தேன். எந்த இடம் என்பது வேண்டாம். வாசலிலிருந்து பேட்டரி வண்டி, உள்ளே ரோஸ் மில்க், ஏசி அரங்கத்தில் வீடியோ. பிறகு லேபுக்கு அழைத்துப்போய் கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவி ஒன்றைக் காட்டி, அதன் விலையை இரண்டு தடவை சொன்னார்கள். நான் விலையைக் கேட்கவில்லை. "லாக் புக் இருக்கா சார்?" என்றேன். கருவியை யார், எப்போது பயன்படுத்தினார்கள் என்று எழுதி வைக்கும் நோட்டு அது. காட்டியவருக்கு என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை. நோட்டு அங்கேயே கருவிக்குப் பின்னால்தான் கிடந்தது. கடைசியாக யாரோ கையெழுத்துப் போட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. மேலே இருந்த சால்வென்ட் பாட்டில்கள் காய்ந்து அடியில் வெள்ளைப் படிவம் தெரிந்தது. அந்தக் கருவியைத் தினமும் தொடுகிற எவனும் பாட்டிலை அப்படி விடமாட்டான்.

வேலை நடக்கிற லேப் அழகாக இருக்காது. கழிவு பாட்டில் முக்கால்வாசி நிரம்பியிருக்கும். பீக்கரில் மார்க்கரால் யாரோ பெயர் எழுதி 'தொடாதே' என்று போட்டிருப்பார்கள். வாசலில் நாலைந்து செருப்பு கிடக்கும். சாதாரண வேலை நாளில், செவ்வாயோ புதனோ, காலை பதினோரு மணிக்குப் போங்கள். முடிந்தால் மாலை ஆறு மணி வரை இருந்து எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். அட்மிஷன் ஆபீஸ் ஆள் இல்லாமல் ஒரு பிஎச்.டி. மாணவரோடு பத்து நிமிஷம் பேச வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். வெளியே டீக்கடையில் நின்றால் மீதி தெரிந்துவிடும். ஹாஸ்டல் தண்ணி எப்படி என்பது வரைக்கும்.

பிராஸ்பெக்டஸில் உள்ள விருப்பப் பாடப் பட்டியலை நம்புவது அடுத்த தவறு. நாற்பது பாடம் போட்டிருப்பார்கள். துறையில் வாத்தியார்கள் ஆறு பேர். எப்படி நடக்கும்? கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: போன செமஸ்டரின் டைம்டேபிள். உண்மையிலேயே நடந்த பாடம் அதில் இருக்கும். குறைந்தது எத்தனை பேர் சேர்ந்தால் ஒரு பாடம் நடக்கும் என்பதையும் கேளுங்கள். சிறிய இடத்தில் ஒரே ஒரு பேராசிரியர் கிளம்பினால் ஒரு பிரிவே படுத்துவிடும்.

அவர்கள் கிளம்புகிறார்களா என்பதை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் நிறுவனங்கள், தாங்கள் கொடுத்த தகவலைத் தங்கள் இணையதளத்திலும் வைக்க வேண்டும். எல்லோரும் ரேங்க் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அந்த பி.டி.எஃப்.பைத் திறந்தால் ஆசிரியர் பட்டியலில் சேர்ந்த தேதியே இருக்கும். பாதிப் பேர் சென்ற வருஷம்தான் சேர்ந்தார்கள் என்றால் முந்தைய ஆட்கள் எங்கே? முழுநேர பிஎச்.டி. மாணவர் எத்தனை பேர், வெளியிலிருந்து வந்த ஆராய்ச்சி நிதி எவ்வளவு, வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எல்லாம் அதில் உண்டு. பேனரில் இருக்கும் 'அதிகபட்ச பேக்கேஜ்' ஒரே ஒருவர் வாங்கியது. இடைநிலைச் சம்பளம் என்பது வரிசையின் நடுவில் நிற்பவர் வாங்கியது. உங்கள் பிள்ளை நடுவில் நிற்க வாய்ப்பு அதிகம். புதிய பல்கலைக்கழகங்கள் இதில் இருக்காது. அவர்களிடம் நேரில்தான் கேட்க வேண்டும்.

பெயரில் ஏமாறாதீர்கள். நிகர்நிலை அந்தஸ்து 1956 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 3-ஆவது பிரிவின் கீழ் வருவது. மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் மாநிலச் சட்டத்தால் வருவது. இரண்டின் பட்டியலும் யு.ஜி.சி. தளத்தில் இருக்கிறது, போலிகளின் பட்டியலும் சேர்த்து. இரண்டு நிமிஷ வேலை.

பணத்தில் செய்யும் தவறுதான் எங்கள் பக்கத்தில் அதிகம் வலிக்கிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் கிடைக்கும் கட்டணச் சலுகை, அரசின் ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங்கில் சேர்ந்தால்தான். ஆறு முதல் பன்னிரண்டு வரை மாநகராட்சிப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் கிடைத்தால் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. தனியார் பல்கலைக்கழகம் நேரடியாகத் தரும் சீட்டில் இவை இரண்டும் கிடையாது. அவர்கள் சொல்லும் '50 சதவீத ஸ்காலர்ஷிப்'பை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது நாலு வருஷத்துக்கா, முதல் வருஷத்துக்கு மட்டுமா, மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

'இன்னும் மூணு சீட்தான் இருக்கு' என்று ஏஜென்ட் போனில் சொன்னதும் ஜிபே செய்துவிடுவார்கள். கூடவே ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கொடுத்துவிட்டு வருவார்கள். சரிபார்த்துவிட்டு ஒரிஜினலை உடனே திருப்பித் தர வேண்டும் என்று 2018-லேயே யு.ஜி.சி. அறிவித்திருக்கிறது. அதே அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்குக் குறைந்தது 15 நாள் முன்பே விலகினால் கட்டணம் முழுவதும் திரும்ப வேண்டும். அதில் நடைமுறைச் செலவு என்று மட்டும் 5 சதவீதம்வரை பிடிக்கலாம், அதுவும் 5,000 ரூபாய்க்குள். அந்த 15 நாளுக்குள் விலகினால் 90 சதவீதம். கடைசி நாள் தாண்டி 15 நாள்வரை 80, 30 நாள்வரை 50, அப்புறம் ஒன்றும் வராது. ஏஜென்ட் கணக்குக்குப் போன பணத்துக்கு ரசீது இருக்காது, ஆகவே இந்த விதியும் உதவாது.

பிஎச்.டி.க்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் கைடாக இருக்கலாம். கைடிடம் இடம் இருக்கிறதா, எப்போது ஓய்வு பெறுகிறார் என்று கேட்காமல் சேராதீர்கள். ஜே.ஆர்.எஃப். என்னும் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய். நிறுவனம் தரும் ஸ்டைபண்ட் எவ்வளவு, மாதாமாதம் வருகிறதா என்பதை அங்கே படிப்பவர்தான் சொல்வார்.

நான் செய்த இன்னொரு தவறு, எல்லாக் கேள்வியையும் நானே கேட்டது. அக்கா மகள் பின்னாலேயே நின்றாள். ஊர் எது என்று கேட்டதற்குக்கூட நான்தான் பதில் சொன்னேன். திரும்பும்போது, "மாமா, ராத்திரி லேப் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்னு கேக்கணும்னு நெனச்சேன்" என்றாள். பத்தொன்பது வருஷ அனுபவக்காரனுக்கு அது தோன்றவில்லை.

வழியையும் பிள்ளையோடு பஸ்ஸிலும் ரயிலிலும் போய்ப் பாருங்கள், கால் டாக்சியில் வேண்டாம். ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் என்றால் நம் பக்கத்திலிருந்து தினம் போய்வருவது கனவு. ஹாஸ்டல் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் இருக்கும் க்ரியா பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டுமானால் திருவொற்றியூரிலோ விம்கோ நகரிலோ சூளூர்பேட்டை வண்டி ஏறி தடாவில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். பெரும்பாலான மின்சார ரயில்கள் கும்மிடிப்பூண்டியோடு நின்றுவிடும். திரும்பி வரும் வண்டியின் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.