படுவான்கரையில் கைவிட்ட ஆமிக் காம்பைப் பார்க்கப் போவதென்றால்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைதான் படுவான்கரை. வவுணதீவுப் பாலம் தாண்டி அங்கே போனால், ஆமி விட்டுப்போன காம்ப்கள் அங்கங்கே தென்படும். காணி யாருடையது என்று முதலில் கிராம சேவகரிடம் கேளுங்கள். சில இடங்கள் சனங்களின் சொந்த வளவு. ஒரு அம்மா, சென்றிக்கு (காவலரணுக்கு) பின்னால் தூர்ந்துகிடந்த தன் கிணற்றைக் காட்டித்தான் எனக்கு வழி சொன்னார். உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் உள்ளே கால் வைப்பது எனக்கு ஒப்பாது.

மட்டக்களப்பு 2017இல் கண்ணிவெடி அற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. சரி, அதை நம்பிப் பற்றைக்குள் இறங்காதீர்கள். மாரி மழை மண்ணைக் கரைத்தால், வெடிக்காத எறிகணை மேலே வரலாம். ஆடி, ஆவணியில் புல் காய்ந்தபின் போங்கள். மாடு மேய்ப்பவர்கள் நடக்கும் தடத்திலேயே நடங்கள். மண் அணை, முட்கம்பி வேலி ஓரம் வேண்டவே வேண்டாம். மிதிவெடி புதைப்பது பெரும்பாலும் அங்கேதான். பங்கருக்குள் (பதுங்குகுழிக்குள்) புடையன் பாம்பு கிடக்கும். துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடாதீர்கள், கல்லும் எறியாதீர்கள். வந்த தடத்திலேயே திரும்பி, பொலிஸ் அவசர இலக்கம் 119க்கு அழையுங்கள்.

சப்பாத்து, தண்ணீர், துணைக்கு ஊர் ஆள் ஒருவர் கட்டாயம். யானை இறங்கும் பக்கம், பொழுது சாயமுன் வெளியே வந்துவிடுங்கள். அப்புறம், பக்கத்தில் இயங்கும் முகாம் இருந்தால் கமராவை எடுக்கவே வேண்டாம்.