ஊசி நூலில் ஒரு மாட் கவுன்: அறுபதுகளின் லண்டன் பாணியை வீட்டிலேயே வெட்டித் தைக்கும் முறை

மாட் பாணி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது குட்டைப் பாவாடையும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களும்தான். அந்தப் பாணியின் உயிர் இருப்பதென்னவோ வெட்டில். இடுப்பை இறுக்காமல் தோளிலிருந்து நேராக இறங்கி, கீழே சற்றே விரியும் கவுன் அது. கொசுவம் கிடையாது, சுருக்கம் கிடையாது, ரிப்பன் கிடையாது. உள்பக்கம் புரட்டிப் பார்த்தால் மூன்று பெரிய துண்டுத் துணி, இரண்டு டார்ட் (மார்பின் வடிவத்துக்காகத் துணியை முக்கோணமாக மடித்துப் போடும் தையல்), ஒரு ஜிப், கழுத்துக்கு ஓர் உள்பட்டி. இயந்திரத்தில் நேர்த்தையல் போடத் தெரிந்த எவரும் இதைத் தைத்துவிடலாம்.

தைக்க உட்காரும் முன் கொஞ்சம் வரலாறு. 1950களின் இறுதியில் லண்டனில் நவீன ஜாஸ் இசை கேட்டுத் திரிந்த இளைஞர்கள் தங்களை மாடர்னிஸ்ட் என்று சொல்லிக்கொண்டார்கள். அது சுருங்கி மாட் ஆயிற்று. முதலில் இது பையன்களின் பாணி. இத்தாலிய வெட்டில் ஒடுங்கிய காலர் வைத்த கோட்டு, குறுகிய கால்சட்டை. கோட்டின் பக்கப் பிளவு எத்தனை இஞ்ச் இருக்க வேண்டும் என்று தையற்காரரிடம் நின்று வாதாடும் அளவுக்கு அக்கறை. ஸ்கூட்டரில் போகும்போது அந்தக் கோட்டில் அழுக்குப் படாமலிருக்கத்தான் அமெரிக்க ராணுவத்தின் தொளதொளத்த பச்சை மேலங்கியான பார்க்காவை மேலே போட்டுக்கொண்டார்கள். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் உடுப்புகளையும் தேடிப்பிடித்து அணிந்தார்கள். அந்த வழியாக நம் 'மெட்ராஸ் கட்டம்' போட்ட பருத்திக் கோட்டும் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

பெண்களின் பக்கம் கதை மேரி குவாண்டிடம் தொடங்குகிறது. 1955இல் செல்சி பகுதியின் கிங்ஸ் ரோட்டில் பஜார் என்ற கடையைத் திறந்தவர். கல்லூரியில் படித்தது ஓவியம். துணி வெட்டுவதை மாலை வகுப்புகளில் கற்றார். பட்டரிக் நிறுவனம் விற்ற காகிதப் பாட்டர்ன்களை வாங்கித் தன் விருப்பப்படி மாற்றி வெட்டினார். மொத்த விலைக்குத் துணி வாங்கும் வழி தெரியாமல் ஹாரட்ஸ் கடையில் சில்லறை விலைக்கே வாங்கினார். அன்றைய விற்பனைப் பணத்தில் மறுநாளுக்கான துணி. அவரே தன் வடிவமைப்புகளை 1964 முதல் பட்டரிக் பாட்டர்ன்களாக வெளியிட்டார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கடைக்கு வந்து வாங்க முடியாத பெண்கள் வீட்டில் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். நாம் செய்யப்போவதும் அதையேதான்.

முதல் படி: துணி

இந்தக் கவுனுக்கு உடம்பில் வழியாமல் தன் வடிவத்தில் நிற்கும் துணி வேண்டும். அன்று கனத்த கம்பளி ஜெர்சியிலும், கிரிம்ப்ளீன் என்ற பாலியஸ்டர் துணியிலும் தைத்தார்கள். நம் வெயிலுக்கு இரண்டும் ஆகாது. பருத்தி டிரில், கனமான காட்டன் சாட்டின், நெருக்கமாக நெய்த கைத்தறி ஆகியவை நன்றாக வரும். ரேயானும் ஜார்ஜெட்டும் வேண்டாம். கடையில் துணியின் ஓரத்தைப் புறங்கையின் மேல் போட்டுப் பாருங்கள். கையை ஒட்டித் தொங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சற்று விலகிக் கூடாரம்போல் நின்றால் வாங்குங்கள்.

44 இஞ்ச் அகலத் துணி என்றால் 2.25 மீட்டர் போதும். நிறத்தில் தயங்க வேண்டாம். கடுகு மஞ்சள், தக்காளிச் சிவப்பு, கருநீலம், வெள்ளை என்று ஒரே நிறமாக, பளிச்சென்று எடுங்கள். பூப்போட்ட துணியில் இந்த வெட்டின் கோடுகள் மறைந்துபோகும். பருத்தி சுருங்கும், அதனால் நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்ட பிறகே கத்தரி வைக்க வேண்டும். இத்துடன் 20 இஞ்ச் ஜிப் ஒன்று, உள்பட்டியை விறைப்பாக்க இஸ்திரியால் ஒட்டும் கேன்வாஸ் கால் மீட்டர், ஒத்திகைக்குக் காடாத் துணி இரண்டு மீட்டர்.

இரண்டாம் படி: அளவு

மார்புச் சுற்றளவு, சீட் அளவு (பின்புறத்தின் மிக அகன்ற இடம்), இரு தோள்முனைகளுக்கு இடையிலான அகலம், கழுத்தோரத் தோளிலிருந்து முழங்கால் வரை உயரம், தோளிலிருந்து மார்பு முனை வரை உயரம். இடுப்பளவு தேவையே இல்லை. 1950களின் நாகரிக உடுப்பு இடுப்பை ஒடுக்கிப் பாவாடையை விரித்துக் காட்டியது. மாட் கவுன் இடுப்பைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஓடிப் பஸ் பிடிக்கவும் விடிய விடிய நடனமாடவும் ஏற்ற உடுப்பு வேண்டும் என்பதுதான் குவாண்டின் எண்ணம். ஐந்து நிமிடம் போட்டுக்கொண்டு நடந்து பார்த்தால் அவர் சொன்னது புரிந்துவிடும்.

எடுத்துக்காட்டாக மார்பு 34, சீட் 37, தோள் 14, முழங்கால் வரை உயரம் 36 என்று வைத்துக்கொள்வோம். 1966 வாக்கில் இளம்பெண்கள் அணிந்த மினி முழங்காலுக்குப் பல இஞ்ச் மேலே நின்றது. அதைக் கண்டுபிடித்தவர் தான் என்று குவாண்ட் உரிமை கொண்டாடவில்லை; கிங்ஸ் ரோடு பெண்கள் இன்னும் குட்டையாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள் என்றார். மினி என்ற பெயரை மட்டும் தனக்குப் பிடித்த மினி காரிலிருந்து எடுத்துச் சூட்டினார். நீங்கள் முழங்கால் வரையே வைத்துக்கொள்ளுங்கள், வடிவம் கெடாது. தசாப்தத்தின் தொடக்கத்தில் மாட் பெண்களும் முழங்காலை மறைத்தே உடுத்தினார்கள்.

மூன்றாம் படி: காகிதத்தில் வரைவது

பழைய செய்தித்தாள்களை ஒட்டிப் பெரிய தாளாக்குங்கள். தாளின் இடது ஓரமே உடம்பின் நடுக்கோடு. வரைவது பாதி முன்பக்கம்.

மேல் கோட்டில் நடுவிலிருந்து 3 இஞ்ச் கழுத்து அகலம். நடுக்கோட்டில் 3.5 இஞ்ச் கழுத்து இறக்கம். இரண்டையும் வளைவாகச் சேர்த்துவிடுங்கள். கழுத்து எலும்பை ஒட்டிய இந்த உயர்ந்த வட்டக் கழுத்துதான் அந்தக் காலத்தின் அடையாளம், ஆழப்படுத்த வேண்டாம். தோளுக்கு நடுவிலிருந்து 6.5 இஞ்ச் போய், அங்கிருந்து 1.25 இஞ்ச் கீழே புள்ளி வையுங்கள். பாதித் தோள் 7 இஞ்ச் இருக்க அரை இஞ்ச் குறைப்பது ஏன் என்றால், கையில்லாத மாட் கவுனில் தோள் சற்று உள்வாங்கி நிற்கும். கை நீளமாகத் தெரியும்.

மார்பில் கால் பங்கு 8.5. அதில் ஓர் இஞ்ச் குறைத்து, மேல் கோட்டிலிருந்து 7.5 இஞ்ச் கீழே கைக்குழிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் நடுவிலிருந்து 9.5 இஞ்சில் (கால் பங்கும் ஓர் இஞ்ச் தளர்வும்) புள்ளி வைத்து, தோள்முனையிலிருந்து அதுவரை கைவளைவு வரையுங்கள். கீழ் விளிம்பில் அகலம் 12.5. அக்குளிலிருந்து அங்கே நேர்கோடு இழுங்கள், எங்கும் வளைக்க வேண்டாம். சீட் இருக்கும் இடத்தில் அந்தக் கோடு 10.25 இஞ்சுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். விளிம்பின் பக்கமுனையை அரை இஞ்ச் உயர்த்தி மெல்லிய வளைவாக முடியுங்கள். இல்லாவிட்டால் பக்கங்கள் தொங்கும்.

முன்பக்கத்தின் மொத்த நீளத்தில் ஓர் இஞ்ச் கூட்டி 37 ஆக வைக்க வேண்டும். அந்த ஓர் இஞ்ச் டார்ட்டுக்குள் போய்விடும். அக்குளுக்கு 3 இஞ்ச் கீழே, பக்கக் கோட்டில் ஓர் இஞ்ச் அகலத்துக்கு டார்ட் குறித்து, அதன் நுனி மார்பு முனைக்கு ஓர் இஞ்ச் முன்னாலேயே முடியுமாறு வரையுங்கள்.

பின்பக்கத்துக்கு இதையே நகலெடுத்து, டார்ட்டை விட்டுவிட்டு, கழுத்து இறக்கத்தை ஓர் இஞ்ச் ஆக்கி, நீளத்தை 36க்குக் கொண்டுவந்தால் போதும்.

நான்காம் படி: காடாவில் ஒத்திகை

இதைத் தவிர்க்காதீர்கள். காடாவில் வெட்டி, பெரிய தையல் போட்டு, உள்பக்கம் வெளியே தெரிய அணிந்து கண்ணாடி முன் நில்லுங்கள். பக்கத் தையல் தரையை நோக்கி நேராக விழ வேண்டும். அது முன்னால் இழுத்தால் மார்புக்கு இடம் போதவில்லை. டார்ட்டை அரை இஞ்ச் அகலப்படுத்தி, நீளத்திலும் அரை இஞ்ச் கூட்டுங்கள். கழுத்துக்குப் பின்னால் துணி மடங்கி நின்றால் பின்கழுத்தைக் கால் இஞ்ச் இறக்குங்கள். அலங்காரம் இல்லாத உடுப்பில் பிழையை மறைக்க இடமே இல்லை, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஐந்தாம் படி: வெட்டுவது

முன்பக்கத்தைத் துணி மடிப்பில் வைத்து ஒரே துண்டாக வெட்டுங்கள். பின்பக்கம் இரண்டு துண்டு. நடுவில் ஜிப்புக்காக ஓர் இஞ்ச் கூடுதல். தையலுக்காகப் பக்கங்களில் ஓர் இஞ்ச், தோள், கழுத்து, கைவளைவில் அரை இஞ்ச், கீழ் விளிம்பில் 1.5 இஞ்ச் விடுங்கள். நடுக்கோடு துணியின் கரைக்கு இணையாக இருக்க வேண்டும். சாய்ந்தால் கவுன் முறுக்கிக்கொள்ளும். கழுத்தின் வளைவையே பின்பற்றி 2.5 இஞ்ச் அகல உள்பட்டிகள் வெட்டிக் கேன்வாஸ் ஒட்டுங்கள். மிச்சத் துணியில் 1.5 இஞ்ச் அகலத்தில் கைவளைவுக்குக் கிராஸ் பீஸ் (துணியின் இழைக்குச் சாய்வாக வெட்டிய பட்டி).

ஆறாம் படி: தையல்

முதலில் டார்ட். தொடக்கக்காரர்களின் டார்ட் நுனியில் ஒரு சிறு குமிழ் நிற்கும். கோட்டின் கடைசி அரை இஞ்சில் தையலைத் திடீரென முடிப்பதால் வருவது அது. மடிப்பின் விளிம்பை நோக்கிச் சன்னமாகச் சரிந்து, கடைசி மூன்று தையல் விளிம்பின் ஓர் இழையில் மட்டும் ஏறி இறங்கும்படி ஓட்டுங்கள். பின்தையல் போடாமல் நூலை நீளமாக விட்டுக் கையால் முடிச்சிடுங்கள். சுருட்டிய துண்டின் மேல் வைத்து, டார்ட் கீழ்நோக்கி மடியும்படி இஸ்திரி போட்டால் நுனி எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியாது.

பிறகு பின்நடுத் தையல். ஜிப் வரும் இடத்தைப் பெரிய தையலால் தற்காலிகமாக மூடி, மீதியைச் சாதாரணத் தையலால் சேருங்கள். இஸ்திரியால் இருபுறமும் பிரித்துவிட்டு, ஜிப்பை உள்பக்கம் நடுவில் வைத்துக் குத்தி, இருபுறமும் தைத்துப் பெரிய தையலைப் பிரித்துவிடுங்கள். ஜிப்பின் தலை கழுத்துத் தையல் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும். தோள்களைச் சேர்த்து, உள்பட்டியை நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் வைத்துக் கழுத்தைச் சுற்றித் தையுங்கள். வளைவில் அரை இஞ்சுக்கு ஒரு சிறு வெட்டு கொடுத்து உள்ளே திருப்புங்கள். உள்பட்டியையும் தையல் விளிம்பையும் மட்டும் சேர்த்து இன்னொரு தையல் ஓட்டிவிட்டால் பட்டி வெளியே எட்டிப் பார்க்காது.

அடுத்து பக்கங்கள், கைவளைவுக்குக் கிராஸ் பீஸ். ஒரு தையல் முடிந்ததும் இஸ்திரி, பிறகே அடுத்த தையல். கீழ் விளிம்பை மடிக்கும் முன் ஓர் இரவு ஹாங்கரில் தொங்கவிடுங்கள், துணி தன் எடைக்கு இறங்கிவிடும். பிறகு கையால் ஹெம்மிங் செய்யுங்கள். இயந்திரத் தையல் கோடு கண்ணை உறுத்தும்.

ஏழாம் படி: நிறக் கட்டங்கள்

முதல் கவுன் சரியாக வந்த பிறகு இதற்கு வாருங்கள். 1965இல் பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லொரான் ஓவியர் மோன்ட்ரியனின் ஓவியங்களைப் பின்பற்றி வெள்ளை, சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்களும் கறுப்புக் கோடுகளும் கொண்ட கவுன்களைச் செய்தார். அவை அச்சிட்டவை அல்ல. தனித்தனி ஜெர்சித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்தவை. உடம்பின் வளைவுக்கு வேண்டிய வெட்டுகளை அந்தக் கோடுகளின் தையலுக்குள்ளேயே ஒளித்துவிட்டதால் பார்க்கச் சமமான பலகைபோல் தெரியும். தையல் கலையில் அதைவிட நேர்த்தியான வேலையை நான் அதிகம் கண்டதில்லை.

நமக்கு எளிய வடிவம் போதும். காகிதப் பாட்டர்னை விளிம்பிலிருந்து 8 இஞ்ச் மேலே குறுக்காக வெட்டுங்கள். வெட்டிய இரு ஓரங்களிலும் அரை இஞ்ச் கூட்டி, கீழ்த்துண்டை வேறு நிறத்தில் வெட்டிச் சேர்த்துவிட்டுப் பிறகு வழக்கம்போல் தையுங்கள். பக்கங்களைச் சேர்க்கும்போது இரு நிறமும் சந்திக்கும் கோடு ஓர் இழைகூட விலகக் கூடாது. அந்த இடத்தில் முதலில் குண்டூசி குத்தி, அங்கிருந்து மேலும் கீழுமாகத் தையுங்கள்.

எட்டாம் படி: உடன் அணிபவை

தட்டையான காலணி, நிறமுள்ள டைட்ஸ் (இடுப்பு வரை ஏறும் ஒட்டிய காலுறை). பாவாடை குட்டையானதும் காலுறையைப் பிடித்து நிறுத்தும் பட்டைகள் வெளியே தெரிந்தன. டைட்ஸ் பரவலானதற்கு அது பெரிய காரணம். இன்று உலகெங்கும் பெண்கள் யோசிக்காமல் எடுத்து மாட்டும் ஓர் உடுப்பு அந்தக் குட்டைப் பாவாடையால் நிலைபெற்றது. தலைமுடியை லண்டன் முடிதிருத்துநர் விடல் சஸூன் வடிவியல் கோடுகளில் குட்டையாக வெட்டினார். கழுவி உலர்த்தினாலே படியும் வெட்டு அது. நகை அதிகம் வேண்டாம், பெரிய வட்டக் காதணி ஒன்று போதும்.

வரைவது கடினமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2019இல் குவாண்டுக்குப் பெரிய கண்காட்சி நடத்தியபோது, அவருடைய கவுன் ஒன்றைத் தழுவிய பாட்டர்னை யாரும் அச்சிட்டுத் தைத்துக்கொள்ள இணையத்தில் இலவசமாக வெளியிட்டது. அச்சிட்டதும் முதலில் தாளில் உள்ள சோதனைச் சதுரத்தை அளந்து பாருங்கள். அது சரியாக இல்லாவிட்டால் கவுனின் எல்லா அளவும் மாறிவிடும்.