துணி எடுப்பதிலிருந்து தைத்துப் போடுவது வரை: வீட்டிலேயே ஒரு காட்டன் டாப்ஸ்

வீட்டில் தைக்கும் உடை பெரும்பாலும் மிஷினில் கெடுவதில்லை. அலசாத துணியை வெட்டியதிலோ, நூல் கோணலாக மடித்ததிலோ அது முன்பே கெட்டிருக்கும். பிறகு எவ்வளவு நேராகத் தைத்தாலும் இரண்டாவது துவைப்பில் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வந்துவிடும். அதனால் இங்கே மிஷினைவிடத் துணிக்கும் வெட்டுக்கும்தான் அதிக இடம்.

துணி எடுக்கும்போது

கடையில் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல, பன்னா, அதாவது துணியின் அகலம். ஒரே டாப்ஸுக்கு 44 இன்ச் பன்னாவில் இரண்டரை மீட்டர் ஆகும், 58 இன்ச் பன்னாவில் ஒன்றே முக்கால் மீட்டர் போதும். மீட்டர் விலை குறைவு என்று குறுகிய பன்னாவை எடுத்தால் மொத்தத்தில் கூடுதலாகக் கொடுத்திருப்போம். லைனிங் துணி பலவும் 36 இன்ச் பன்னாதான், டாப்ஸுக்கு அதை நம்ப வேண்டாம்.

துணியை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். நெசவு சீராகத் தெரிய வேண்டும். ஒரு மூலையை இரண்டு கைகளாலும் கசக்கித் தேயுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் கஞ்சி ஏற்றிய துணி, அலசியதும் கொசுவலை மாதிரி தொளதொளத்துவிடும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் கரையோரம் அழுத்தித் தேய்த்தால் சாயம் இளகுமா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

கடைக்காரர் கத்தரியால் ஒரு சின்ன வெட்டுப் போட்டுக் கிழித்துக் கொடுத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். கிழிசல் ஒரே ஊடை நூலை (அகலவாக்கில் ஓடும் நூல்) பிடித்துக்கொண்டு நேராகப் போகும். கத்தரியால் கடைசிவரை வெட்டிய துணியில் கோணலைச் சரிசெய்யவே இரண்டு, மூன்று இன்ச் போய்விடும்.

கட் பீஸ் (துண்டாக விற்கும் மிச்சத் துணி) வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு ஈரோடு நல்ல இடம். கனி மார்க்கெட் வாரச் சந்தை திங்கள் இரவே தொடங்கிச் செவ்வாய்க்கிழமையும் நடக்கும். சென்னையில் பாரிமுனை கோடவுன் தெரு மொத்த வியாபாரத் தெரு என்பதால் ஒரு டாப்ஸுக்கான துணி கேட்டால் எல்லாக் கடைகளிலும் தர மாட்டார்கள். திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் துணி சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் இழுபடும் துணிக்கு ஊசியும் வேறு, தையலும் வேறு. ஆரம்பத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மதுரைச் சுங்குடி 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைச் சொல்லி ஸ்கிரீன் பிரிண்ட் விற்பதும் உண்டு. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்ததில் இரண்டு புள்ளிகள் ஒன்றுபோல இருக்காது, பின்பக்கமும் அதே அழுத்தத்தில் தெரியும். பிரிண்டில் பின்பக்கம் மங்கியிருக்கும். முடிச்சுச் சுருக்கம் இருக்கும் துணியை அலசி இஸ்திரி போட்டு விரித்த பிறகே அளக்க வேண்டும்.

முதல் உடைக்கு எங்கள் தேர்வு, கொஞ்சம் கனமான கைத்தறிக் காட்டன். மேஜையில் வழுக்காது, ஊசிக்கு அடியில் நழுவாது, பிரித்துத் தைத்தாலும் ஓட்டை தெரியாது. ரேயான் பார்க்க அழகு, தைக்கத் தொல்லை. ஜார்ஜெட்டையும் சாட்டினையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கட் பீஸ் கூடையில் இருப்பது காட்டனா என்று சந்தேகம் வந்தால் நான்கு நூலை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காட்டனும் ரேயானும் காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும். பட்டு, முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும். காட்டனையும் ரேயானையும் பிரித்தறிய நூலை நனைத்து இழுத்தால் போதும், ரேயான் ஈரத்தில் சட்டென்று அறுந்துவிடும்.

அலசி, அளந்து, அடுக்கி

வாங்கி வந்த துணியை அலசாமல் அலமாரியில் வைக்காதீர்கள். வெட்டப்பட்ட ஓரங்களில் பெரிய தையல் ஓட்டிவிட்டு (இல்லாவிட்டால் நூல் பிரிந்து சிக்கல் விழும்), தைத்த பிறகு எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்து நிழலில் காயவையுங்கள். காட்டன் நூற்றுக்கு 3 முதல் 5 பங்கு சுருங்குவது சாதாரணம். 42 இன்ச் டாப்ஸில் அது 2 இன்ச் வரை. ரேயான் அதைவிடக் கூடுதலாகச் சுருங்கும்.

சாயம் போகாமலிருக்கக் கல் உப்புத் தண்ணீரில் ஊறவைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சாயம் தோய்க்கும்போது உப்புக்கு வேலை இருக்கிறது, தோய்த்து முடிந்த துணியில் அது சாயத்தைப் பிடித்துவைக்காது. தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுவதுதான் வழி.

காய்ந்ததும் பன்னாவையும் நீளத்தையும் மறுபடி அளந்து ஒரு துண்டு அட்டையில் எழுதுங்கள்: எந்தத் துணி, பன்னா, அலசிய பின் நீளம், என்ன தைக்கலாம். அட்டையை நூலால் கரையில் கோர்த்துவிடுங்கள். குண்டூசி மழைக்காலத்தில் துருவை இறக்கிவிடும், அந்தக் கறை எளிதில் போகாது. பிளாஸ்டிக் பையில் மூடி வைத்தால் பூஞ்சணம். பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தால் போதும். பட்டும் ஜரிகையும் இருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டும். அந்துருண்டை துணி மேலே படக் கூடாது.

என்ன தைக்கலாம் என்ற வரி காலியாகவே இருக்கும் துணிதான் ஆண்டுக்கணக்கில் தூங்கும். ஒரு மீட்டர், ஒன்றே கால் மீட்டர் என்று ஆசைக்கு எடுத்தவை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். எதற்கு என்று தெரியாமல் எடுப்பதாக இருந்தால் இரண்டரை மீட்டராகவே எடுத்துவிடுங்கள்.

வெட்டு

இங்கே தரும் அளவு 36 இன்ச் செஸ்ட், 40 இன்ச் சீட் (உட்காரும் பாகத்தின் சுற்றளவு), 42 இன்ச் உயரம், 12 இன்ச் கை உள்ள நேர் கட் டாப்ஸுக்கு. உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். முதல் தடவை பிரவுன் பேப்பரில் வரைந்து வெட்டி, அதைத் துணி மேல் வைப்பது நல்லது.

முதலில் நூல் நேராக்க வேண்டும். துணியின் ஒரு முனையில் ஒரு ஊடை நூலை உருவினால் கோடு மாதிரி வழி தெரியும், அந்த வழியே வெட்டுங்கள். பிறகு மடித்துப் பார்க்கும்போது கரை நேராக இருந்தும் ஓரம் கோணலாக நின்றால் இரண்டு பேர் எதிரெதிர் மூலைகளைப் பிடித்துக் குறுக்காக இழுத்து ஈரத்தோடு இஸ்திரி போட வேண்டும். இதைத் தாண்டிப் போகிறவர்களுடைய டாப்ஸ்தான் பிறகு உடம்பில் முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

44 இன்ச் பன்னாவை நடுவில் மடிக்காதீர்கள். ஒரு கரையிலிருந்து 13 இன்ச் மட்டும் உள்ளே வருமாறு நீளவாக்கில் மடித்தால், மறுபக்கம் 16, 17 இன்ச் அகலத்தில் ஒற்றைத் துணியாக ஒரு பட்டை மிஞ்சும். மடிப்பின் மேல் முன்பக்கத்தையும் அதற்குக் கீழே பின்பக்கத்தையும் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் 44 இன்ச்: உயரம் 42, சோல்டர் தையலுக்கு அரை, கீழ் மடிப்புக்கு ஒன்றரை. மொத்தம் 88 இன்ச், அதாவது சுமார் 2.25 மீட்டர். மிஞ்சும் பட்டையில் இரண்டு கையும் கழுத்துப் பட்டியும் (கழுத்தின் உள்பக்கம் திருப்பித் தைக்கும் துண்டு) வந்துவிடும். கையை டாப்ஸின் செஸ்ட் பாகத்துக்குப் பக்கத்தில் வைத்தால் இடம் இன்னும் தாராளம். ஒற்றைத் துணியில் வெட்டுவதால் இரண்டாவது கைக்குப் பேப்பரைக் கவிழ்த்து வைக்க மறக்கக் கூடாது, மறந்தால் இரண்டும் ஒரே கைக்கு வந்துவிடும்.

58 இன்ச் பன்னாவில் இரண்டு கரைகளையும் நடுவுக்குக் கொண்டுவந்து மடியுங்கள். இருபுறமும் 14.5 இன்ச் மடிப்பு கிடைக்கும். ஒன்றில் முன்பக்கம், மற்றதில் பின்பக்கம், இவற்றுக்குக் கீழே இரண்டு கைகள்.

மடிப்பிலிருந்து குறிக்க வேண்டியவை: சோல்டர் 7½, சரிவு ¾. மேலிருந்து 8 இன்ச் இறங்கி செஸ்ட் கோடு, அதில் 11 (செஸ்டில் கால் பங்கு 9, லூஸ் 1, தையலுக்கு 1). 15-இல் இடுப்பு 10. 21-இல் சீட் 12, ஓப்பன் (பக்கவாட்டுப் பிளவு) தொடங்கும் இடமும் அதுதான். கீழே 13. கழுத்து அகலம் 2¾, முன் இறக்கம் 6, பின் இறக்கம் 3. கழுத்தைச் சிறிதாகவே வெட்டுங்கள், கால் இன்ச் தைத்ததும் அது தானாகப் பெரிதாகும். முன்பக்க ஆம்ஹோல் (கை சேரும் இடம்) வளைவைப் பின்பக்கத்தைவிட அரை இன்ச் உள்ளே குடைந்து வெட்ட வேண்டும்.

கைக்கு உயரம் 13½, அகலம் 16, மேல் உருண்டை (தோளில் சேரும் வளைவு) 4 இன்ச். வெட்டுவதற்கு முன் தையல் விழும் கோட்டில் கை உருண்டையையும் ஆம்ஹோலையும் இன்ச் டேப்பை நிமிர்த்திப் பிடித்து அளந்து பாருங்கள். உருண்டை அரை முதல் முக்கால் இன்ச் அதிகம் இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் தோளில் சுருக்கம் விழும், குறைந்தால் இழுக்கும்.

கட்டம் போட்ட துணியில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே கட்டத்தில் தொடங்க வேண்டும், அதற்கு அரை மீட்டர் கூடுதலாக எடுங்கள்.

தையல்

மெல்லிய காட்டனுக்கு 11-ஆம் நம்பர் ஊசி, சாதாரணக் காட்டனுக்கு 14, ஜீன்ஸ் கனத்துக்கு 16. ஊசியில் நீளப் பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நூல் கோர்க்க வேண்டும். இன்ச்சுக்குப் பத்துத் தையல் போதும். மிஷினுக்கு மிஷின் ஆயில் மட்டுமே. தேங்காய் எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசின் மாதிரி இறுகி மிஷின் கனத்துப்போகும்.

வெட்டி முடித்ததும் கழுத்து வளைவின் ஓரத்தில் ஒற்றைத் துணியாகவே ஒரு தையல் ஓட்டுங்கள். வளைவில் துணி கிராஸாக, அதாவது நூலுக்குச் சாய்வாக, நிற்பதால் கை பட்டுப் பட்டே இழுபட்டுவிடும். அடுத்து சோல்டரைச் சேர்த்து, கழுத்துப் பட்டியை வைத்துக் கால் இன்ச்சில் தையுங்கள். வளைவு முழுக்க அரை இன்ச்சுக்கு ஒன்றாகத் தையலைத் தொடாமல் கத்தரியால் கீறல் போடுங்கள். பிறகு பட்டியையும் தையலுக்கு விட்ட துணியையும் ஒன்றாகச் சேர்த்துப் பட்டியின் மேல் ஓரத்தில் ஒரு தையல் போட்டுத் திருப்பினால், பட்டி வெளியே எட்டிப் பார்க்காது. கடையில் தைத்தது போலத் தெரிவதற்குக் காரணம் இந்த ஒரு தையல்தான்.

கையைப் பக்கத் தையலுக்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போது சோல்டர் நடுவிலிருந்து இருபுறமாகச் சேர்த்துவிடுங்கள். பிறகு கை முனையில் தொடங்கி அக்குள் வழியாக ஓப்பன் வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல். ஓப்பன் தொடங்கும் புள்ளியில் இரண்டு தடவை முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டியாக்குங்கள், முதலில் கிழியும் இடம் அதுதான். கடைசியில் ஓப்பன் மடிப்பு, கீழ் மடிப்பு. துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மிஷின் இல்லாவிட்டால் தெருமுனை டெய்லர் கடையில் அடித்துத் தருவார்கள். ஒவ்வொரு தையலையும் இஸ்திரி போட்டுப் படியவைத்த பிறகே அடுத்த தையல்.

எது ஏன் கெடுகிறது

அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் கீழ்நூல் இருக்கும் பாபினைத் திருகாதீர்கள். கோளாறு மேல்நூலில்: டென்ஷன் (நூலின் இறுக்கம்) தளர்ந்திருக்கும், அல்லது துணியை அழுத்தும் மிஷின் பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்திருப்பீர்கள். பாபின் நூல் மேலே இழுபட்டுத் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம். தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் ஊசியை மாற்றுங்கள்.

கையைத் தூக்கினால் டாப்ஸ் முழுவதும் மேலே ஏறுகிறதா? ஆம்ஹோல் போதவில்லை என்று நினைத்து இன்னும் குடைந்து வெட்டுவார்கள், அது நோயை அதிகமாக்கும். ஆம்ஹோல் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு தூரம் கை உடம்புத் துணியையும் சேர்த்துத் தூக்கும். அடுத்த முறை ஆம்ஹோலை அரை இன்ச் ஏற்றி, கையின் அகலத்தைக் கூட்டுங்கள்.

பழைய சேலையிலிருந்து

காட்டன் சேலை பல தடவை துவைத்ததால் இனிச் சுருங்காது. ஐந்தரை மீட்டரில் முந்தானை போக இரண்டு டாப்ஸ் தாராளமாக வரும். சேலை அகலம் 46 இன்ச் அளவில் இருக்கும், டாப்ஸின் 44 இன்ச் உயரத்தை அந்த அகலத்திலேயே எடுத்தால் கரை கீழ் ஓரமாக வந்து உட்காரும். கரைக்கு மடிப்பு வேண்டாம் என்பதால் ஒன்றரை இன்ச் மிச்சம். முன்பக்கத்துக்கு 26, பின்பக்கத்துக்கு 26, கைகளுக்கு 16 என்று சேலை நீளத்தில் 68 இன்ச் ஆகும். ஒரு கையைக் கீழ்க்கரையிலும் மற்றதைத் தலைகீழாக மேல்கரையிலும் வைத்தால் இரண்டு கைகளிலும் கரை வந்துவிடும், இரண்டு கரையும் ஒரே அகலமாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து தேய்ந்த இடங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அங்கே சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டு ஒதுக்கிவிட்டு வெட்டுங்கள்.