பல் பிடுங்க ஃபோர்செப்ஸ் முதலில் வேண்டாம்

அட்டன், பதுளைப் பக்கம் புதிதாகக் கிளினிக்கில் சேரும் பல் வைத்தியத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. வெற்றிலை மென்று தேய்ந்த கடைவாய்ப்பல்லை எடுத்த எடுப்பிலேயே ஃபோர்செப்ஸால், அதாவது பல் பிடுங்கும் குறட்டால், பிடித்து ஆட்டினால், மேல்பகுதி மட்டும் உடைந்து கையோடு வரும். வேர் உள்ளே கிடக்கும்.

லக்சேட்டரில், அதாவது பல்லைத் தளர்த்தும் மெல்லிய கூர்க் கருவியில், தொடங்குங்கள். மழுங்கியிருந்தால் முன்கூட்டியே தீட்டி, கிருமி நீக்கி வையுங்கள். மெல்லிய நுனியை வேருக்கும் எலும்புக்கும் இடையில், வேரின் போக்கிலேயே சிறிது சிறிதாக அசைத்து இறக்க வேண்டும். சுட்டுவிரல் நுனிக்கு அருகிலேயே இருக்கட்டும், வழுக்கினாலும் முரசைக் கிழிக்காது. லக்சேட்டரை வைத்து நெம்பாதீர்கள், நுனி வளைந்துவிடும். நெம்பத்தான் எலிவேட்டர் இருக்கிறதே!

பல் ஆடத் தொடங்கிவிட்டதா, சரி, இப்போது ஃபோர்செப்ஸ். மேல் கடைவாய்க்கு வலது, இடது தனித்தனி. கூருள்ள அலகு கன்னப் பக்க வேர்கள் இரண்டுக்கும் நடுவே உட்கார வேண்டும். அப்புறம் அழுத்திப் பிடித்துக் கொஞ்சம் பொறுங்கள், எலும்பு விரிந்து கொடுக்கும்.