தொண்டை எண்டோஸ்கோபிக்கு முன் வரும் பதற்றத்தைக் கையாளும் முறை

தொண்டையில் ஏதோ அடைத்திருப்பது போன்ற உணர்வு நீடிக்கும்போது மனம் நேராகப் புற்றுநோய்க்குத் தாவிவிடுவது இயல்பே. ஆனால் அமில எதுக்களிப்பும், பதற்றத்தால் இறுகும் தொண்டைத் தசைகளும்கூட இதே உணர்வைத் தரக்கூடும். எச்சிலை அடிக்கடி விழுங்கிச் சோதிப்பது அடைப்புணர்வைக் கூட்டும் என்பதால், அந்தத் தூண்டுதல் எழும்போது ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வேறு வேலையில் இறங்குங்கள்.

எண்டோஸ்கோபியில், அதாவது கேமரா பொருத்திய குழாயைச் செலுத்தி உள்ளே பார்க்கும் பரிசோதனையில், மூச்சடைத்துவிடுமோ என்பதே பலரின் பெரிய அச்சம். வாய்வழிப் பரிசோதனையில் ஏறத்தாழ 1 செ.மீ. தடிமனுள்ள குழாய், மூச்சுக்குழாய்க்குள் அன்றி உணவுக்குழாய்க்குள் செல்வதால், நீங்கள் தொடர்ந்து மூச்சுவிடலாம். மரத்துப்போகச் செய்யும் ஸ்பிரே கசக்கும். அதன்பின் விழுங்கவே முடியாததுபோலத் தோன்றும், அது மருந்தின் வேலைதான். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, எச்சிலை விழுங்காமல் வழியவிட்டு, 4 நொடி மூச்சை இழுத்து 6 நொடி மெதுவாக விடுங்கள். வீட்டிலேயே பழகிக்கொள்வது நல்லது. ஓங்கரிப்பு வந்தால் கூச்சப்பட வேண்டாம், மருத்துவர்கள் அதை அன்றாடம் பார்க்கிறார்கள்.

மயக்க ஊசி வேண்டுமா என்பதை முன்பே பேசிவிடுங்கள். போட்டுக்கொண்டால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஒருவர் வேண்டும். இரத்தம் உறையாமலிருக்கவும் சர்க்கரைக்கும் உட்கொள்ளும் மாத்திரைகள், ஒவ்வாமை, ஆடும் பல் ஆகியவற்றைத் தெரிவியுங்கள். திசு எடுத்தாலே புற்றுநோய் என்று பொருளல்ல. அழற்சியை உறுதிசெய்யவும் எடுப்பார்கள். எச்சிலைக்கூட விழுங்க முடியாமை, மூச்சுத்திணறல், இரத்த வாந்தி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் குறித்த நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.