பழைய ஏமன் தங்கத்தைப் பார்க்கும் முறை

நகைப் பட்டறையில் வேலை செய்கிறவன் நான். பண்டைய ஏமனின் சபா, கதபான், ஹத்ரமவுத் அரசுகள் காலத்துத் தங்கத்தை அருங்காட்சியகத்தில் பார்க்கப் போகிறவர்களிடம் ஒன்று சொல்வேன்: காளை, மலையாடு, சிங்கம் எதுவானாலும் அதன் முகத்தை முதலில் பார்க்காதீர்கள். செய்தவனின் கைத்திறன் தெரிவது பற்றவைத்த இடத்தில்தான்.

முதலில் கோக்கும் வளையம். அதன் உள்விளிம்பு தேய்ந்து மெலிந்திருந்தால், யாரோ அதை நெடுநாள் போட்டிருக்கிறார்கள். தேய்மானமே இல்லையென்றால், கல்லறையில் வைப்பதற்கென்றே செய்ததாகவும் இருக்கலாம்.

அப்புறம் குருமணிகள், அதாவது நகைமேல் ஒட்டியிருக்கும் பொடிப்பொடித் தங்க உருண்டைகள். நேரே நிற்காமல், வெளிச்சம் சாய்வாக விழும்படி பக்கவாட்டில் நின்று பாருங்கள். மணி உருட்டுவது பெரிய வித்தை இல்லை. தங்கக் கம்பியைத் துணுக்குகளாக நறுக்கிக் கரித்தூளில் புதைத்துச் சூடேற்றினால் ஒவ்வொன்றும் தானாகவே உருண்டுகொள்ளும். ஒட்டுவதில்தான் தொழிலே இருக்கிறது. பொடி (பற்றவைக்கும் உலோகக் கலவை) வைத்து ஊதினால், பொடி உருகி மணிகளுக்கு நடுவே தேங்கிவிடும். அதனால் பண்டைய உலகில் செம்பு உப்பைப் பசையில் குழைத்து மணியை ஒட்டி, தீயில் காட்டும் முறை இருந்தது. தங்கம் உருக 1064 டிகிரி செல்சியஸ் வேண்டும். செம்பு சேர்ந்த இடம் மட்டும் 900 டிகிரியை ஒட்டியே இளகிப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் தப்பினால் மொத்த வேலையும் ஒரே கட்டியாகிவிடும். மணிகளுக்கு இடையே பள்ளம் கூர்மையாகத் தெரிகிறதா? தேர்ந்த கை. மெழுகு வழிந்ததுபோல நிரம்பியிருக்கிறதா? சூடு கூடிப்போயிருக்கிறது.

சரி, இப்போது விலங்குக்கு வரலாம். கொம்பு பின்னோக்கி வளைந்து, கணுக்கணுவாக இருந்தால் மலையாடு. இதே ஆட்டை அலபாஸ்டர் கல்லிலும் வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள், அதனால் உடனே பிடிபட்டுவிடும். காளைத் தலை பெரும்பாலும் நேராக நம்மைப் பார்க்கும்.

எழுத்து இருந்தால் விடாதீர்கள். அந்தக் காலத்து ஏமன் எழுத்துக்கு முஸ்னத் என்று பெயர், எழுத்துகள் மொத்தம் 29. பெரும்பாலும் வலமிருந்து இடமாகப் போகும், சொல்லுக்குச் சொல் நடுவே ஒரு நெட்டுக்கோடு நிற்கும். கதபானின் தலைநகரான திம்னாவின் இடுகாட்டில், 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கரான வென்டல் பிலிப்ஸின் அகழாய்வுக் குழு தோண்டியபோது கிடைத்த தங்கக் கழுத்தணி ஒன்றின் பிறைப் பதக்கத்தில் ஒரு பெண்ணின் பெயரே இருக்கிறது: ஃபர்அத்.

கடைசியில் விவர அட்டை. கிடைத்த இடம், அகழ்ந்த ஆண்டு இரண்டையும் தேடுங்கள். வெறுமனே ‘ஏமன்’ என்று மட்டும் இருந்தால், அது யார் கழுத்தில் கிடந்தது, எந்தக் கல்லறையில் எதன் பக்கத்தில் இருந்தது என்பதெல்லாம் போய்விட்டது என்று பொருள். எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். போர் தொடங்கியபின் அங்கே திருட்டுத் தோண்டல் பெருகிவிட்டது. சபாவின் தலைநகராயிருந்த மாரிப்பின் பழைய சின்னங்களை 2023 ஜனவரியில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோதே, ஆபத்திலிருக்கும் இடங்களின் பட்டியலிலும் சேர்த்தது. இணையத்தில் யாராவது ‘சபா காலத்துத் தங்க ஆடு’ என்று விற்க வந்தால், ஏமனை விட்டு எப்போது, எந்த அனுமதியோடு வெளியே வந்தது என்று கேளுங்கள். காகிதம் காட்டாவிட்டால், வேலைப்பாடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள்.